உப்புத் தண்ணீருக்கும் திறந்த வாசல்

சிகாகோவில் எங்கள் ஆய்வகத்தில் லோரெட்டா பிஸ்கப் பார்க்கும் உத்தியோகம், உறிஞ்சுவது. சிறுநீரக உயிரணுவின் தலையில் ஒற்றை மயிர்போல ஓர் இழை நிற்கும். கண்ணாடி ஊசியின் நுனியை அதன்மேல் வைத்து, ஊசியோடு சேர்ந்த குழாயை வாயில் கவ்வி, மெல்ல உறிஞ்சி ஒட்டவைக்க வேண்டும். ஒட்டிவிட்டால், இழையிலுள்ள நுண்வாசல்கள் திறந்து அயனிகளை உள்ளே விடுவது திரையில் கோடாக ஓடும். இந்த மூச்சுக்காக அவள் சிகரெட்டைத் துறந்தாள். கொழுப்பை மட்டும் துறக்கவில்லை.

“கொழுப்பைக் குறைச்சுக்கங்க” என்றார் மருத்துவர்.

“என் பொழப்பே அதுலதான் ஓடுது டாக்டர்.”

பொய்யில்லை. உயிரணுவின் தோலிலுள்ள ஒருவகைக் கொழுப்புதான் அந்த வாசல்களைத் திறக்கிறது என்பது அவள் கட்சி. அப்படியானால் வெறும் உப்புத் தண்ணீருக்கு அவை திறக்கக் கூடாது. வெள்ளிக்கிழமைக்குள் அதைக் காட்டாவிட்டால், இந்த ஆராய்ச்சி வேலை பக்கத்து மேசை டெஸ்மண்டுக்குப் போகும் என்று பேராசிரியர் ஹால்வொர்சன் அறிவித்திருந்தார்.

வியாழன் காலை உப்புத் தண்ணீரை விட்டாள். வாசல் ஜம்மென்று திறந்தது.

“ஏம்மா லோரெட்டா, யாரு வந்தாலும் தொறக்குதே, சத்திரமா நடத்துற?” என்றான் டெஸ்மண்ட்.

“யோவ், உன் இழையோட வாசல் போன வருஷத்துலேந்து பூட்டியே கெடக்கு. மொதல்ல சாவியைத் தேடு.”

அன்று மதியம் மாட்டிறைச்சி சாண்ட்விச்சில் பாதியை அவள் மிச்சம் வைத்தாள். ஆய்வகமே கலங்கியது. பிளாஸ்டிக் டப்பாவைக் கழுவப் போனவள், எவ்வளவு தண்ணீர் விட்டும் போகாத எண்ணெய்ப் பிசுக்கை வேதநூலைப் பார்ப்பதுபோல் உற்றுப் பார்த்தாள்.

“அடிப்பாவி! நானேதான் ஊட்டிட்டிருக்கேன்!”

முன்பு இழைமேல் கொழுப்பை விட்ட அதே பிளாஸ்டிக் குழாயில்தான் உப்புத் தண்ணீரும் போயிருந்தது. குழாயின் உள்சுவரில் ஒட்டியிருந்த கொழுப்பு கூடவே பயணம் செய்திருக்கிறது.

குழாயைக் குப்பையில் வீசிவிட்டு, இரண்டுக்கும் தனித்தனிக் கண்ணாடிக் குழாய் மாட்டினாள். புது இழையில் உப்புத் தண்ணீரை விட்டாள்; கோடு படுத்தே கிடந்தது. கொழுப்பை விட்டாள், படிப்படியாக ஏறியது. கத்தலாமென்றால் வாயில் குழாய். மகிழ்ச்சி வேறு வழியில்லாமல் காலுக்கு இறங்க, மேசைக்காலை ஓங்கி உதைத்தாள். ஊசி இழையிலிருந்து பிய்ந்துகொண்டது. நல்லவேளை, அதற்குள் கணினி எல்லாவற்றையும் பதிந்திருந்தது.

மறுநாள் ஹால்வொர்சன் திரையில் இரண்டு கோடுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். “வேலை உன்கிட்டயே இருக்கட்டும். ஆனா இன்னும் நாலு இழையில காட்டு.”

டெஸ்மண்டோ, தடிமனான பஞ்சுத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து, மண்டியிட்டு, லோரெட்டாவின் மேசைக்காலில் பக்தியோடு கட்டிவிட்டான்.