பிரிங் அப் என்றால் என்ன?

எண்பதுகளின் தொடக்கத்தில், கடத்தூர்ப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்திய சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் எனக்கு மொழிபெயர்க்கும் வேலை. டாக்டர் சிஸ்டர் அயர்லாந்துக்காரர். வணக்கம், வலி, மாத்திரை தாண்டி அவருக்குத் தமிழ் வராது. நான் பி.ஏ. ஆங்கிலம் படித்தவள். பெரிய பெரிய வார்த்தைகளுக்கு அர்த்தம் தெரியும். அவரோ பெரிய வார்த்தை எதுவும் பேசவே மாட்டார். கெட், கம், புட் என்று ஒரு துண்டுச் சொல், அதன் வாலில் அப், டௌன், ஆஃப் என்று இன்னொன்று. இரண்டும் சேர்ந்தால் சம்பந்தமே இல்லாமல் மூன்றாவதாக ஓர் அர்த்தம் வரும்.

ஒரு சித்திரை மத்தியானம் ஒரு விவசாயியை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். கண் குழிவிழுந்து, பேச்சில்லாமல் கிடந்தார். அவர் மனைவியிடம் கேட்கச் சொன்னார் சிஸ்டர்: "வாட் இஸ் ஹி பிரிங்கிங் அப்?"

பிரிங் அப் என்றால் வளர்ப்பது. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

"உங்க வூட்டுக்காரரு என்னங்க வளர்க்கறாரு?"

அந்த அம்மா விழித்தார். "நாலு வெள்ளாடுங்க. எருமை ஒண்ணு இருந்துச்சு, வித்துட்டோம்."

அப்படியே சொன்னேன். சிஸ்டர் முகம் சிவந்தது. "நோ, நோ! பிரிங்கிங் அப்! எனி பிளட்?"

ரத்தமா? அப்படியானால் ரத்த சொந்தம், பிள்ளைகளைத்தான் கேட்கிறார் போலிருக்கிறது.

"வளர்க்கறது சொந்தப் புள்ளைங்களாங்க?"

"ஏனுங்க, மனுசன் சாகக் கெடக்கறாரு, இது என்னங்க கேள்வி? மூணும் நான் பெத்ததுதாங்க!" என்று அழ ஆரம்பித்துவிட்டார்.

அந்த நேரத்தில் அவர் கணவர் புரண்டு தரையில் வாந்தியெடுத்தார். "தட் இஸ் இட்! தட்!" என்று சிஸ்டர் அதைக் காட்டினார். மஞ்சளாக இருந்தது, ரத்தம் இல்லை.

"வாமிட் என்று உங்கள் மொழியில் ஒரு வார்த்தை இருக்கிறதே சிஸ்டர்!" ஆங்கிலத்தில் கத்தியே விட்டேன். அவர் காதில் வாங்காமல் சலைன் பாட்டிலை மாட்டினார்.

பொழுது சாய்வதற்குள் அந்த மனிதர் கண் திறந்து கஞ்சி கேட்டார். அந்த அம்மா என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் காலை சிஸ்டர் சிரித்துக்கொண்டே வந்தார். "ஹி இஸ் கீப்பிங் இட் டௌன்."

எதைக் கீழே வைத்திருக்கிறார்? கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். சொம்பும் செருப்பும்தான் இருந்தன.

"சிஸ்டர், கையால காட்டுங்க" என்று தமிழிலேயே சொன்னேன். அவர் வாயைக் காட்டி, தொண்டையைத் தடவி, வயிற்றின் மேல் கையை வைத்து நிறுத்தினார். குடித்த கஞ்சி வயிற்றில் தங்கியிருக்கிறதாம்.

அதை அப்படியே சொன்னால் என்ன!