ஈர வார்னிஷும் சுவா சூ காங் செம்மண்ணும்

புது மோட்டார் வண்டியைக் கழுவி மெருகேற்றும் தொழிலில் பாதி வேலை கையால் செய்வது. மீதிப் பாதி, கையைக் கட்டிக்கொண்டு வார்னிஷ் காயும்வரை நிற்பது. எனக்கு அந்த இரண்டாவது பாதி கடைசிவரை வசப்படவே இல்லை. நாம் மினுக்கி வைத்ததை இன்னொருவர் வந்து அழுக்காக்குவதைப் பார்த்துக்கொண்டே பிழைக்கிறவர்களுக்கு, அதாவது உங்களில் பெரும்பாலோருக்கு, நான் பட்ட பாடு புரியும்.

சவுக்காரம்

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. சிங்கப்பூரில் ஆர்ச்சர்ட் ரோட்டை ஒட்டிய ஓடையில் துணி வெளுத்துக்கொண்டிருந்தேன். ஒரே கல்லின் முன்னால் நாள் முழுக்க நிற்கப் பிடிக்காமல், சாலைக்கு அந்தப் பக்கம் புதிதாகத் திறந்திருந்த மோட்டார் பட்டறையில் போய் வேலை கேட்டேன். தண்ணீரோடு பழகியவன் என்று பட்டறையின் வெள்ளைக்காரத் துரை சேர்த்துக்கொண்டார். அங்கே வர்ண வேலைக்குத் தலைவர் லிம் என்ற சீனர். குதிரை வண்டிகளுக்குப் பூசிப் பழகிய கை. அவர் பேசுவதெல்லாம் மலாய். உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.

முதல் வாரமே தஞ்சோங் பகார் துறைமுகத்திலிருந்து மாட்டு வண்டியில் ஒரு பெரிய மரப்பெட்டி வந்தது. உள்ளே வைக்கோலுக்கு நடுவில் கரும்பச்சை நிறத்தில் ஒரு சின்ன மோட்டார். வாரக்கணக்கில் கப்பலில் கிடந்து உப்புக் காற்றுப் பட்டதில், மேலெல்லாம் புகை படிந்த மாதிரி மங்கியிருந்தது. லிம் சாப்பிடப் போயிருந்தார். அவர் வருவதற்குள் முடித்துக் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு துடிப்பு. துணிக்குப் போடும் சவுக்காரத்தை வெந்நீரில் கரைத்து, வண்டியின் ஒரு பக்கம் முழுவதையும் அழுத்தித் தேய்த்தேன். மங்கல் போனது. கூடவே மினுமினுப்பும் போய், பலகை கரும்பலகை மாதிரி ஆகிவிட்டது.

லிம் வந்தார். விரலால் ஒரு முறை தடவிப் பார்த்தார். என் வாளியை எடுத்துச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டுச் சொன்னார்: "இது வேட்டி இல்லை. இதுக்குப் பச்சைத் தண்ணி வேணும், பஞ்சு வேணும், பொறுமை வேணும். மூணாவது உங்கிட்ட இல்லைன்னா ஓடைக்கே திரும்பிப் போ."

சொந்தக்காரர்

வண்டியை வரவழைத்தவர் யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர். சிராங்கூன் ரோட்டில் மருந்தகம் வைத்திருந்தார். அதுவரை அவருக்கு ஒரு மட்டக்குதிரை வண்டிதான். அந்தக் குதிரைக்கும் வயதாகி ஒரு கால் வீங்கியிருந்தது. என் சவுக்காரம் செய்த வேலையால், பழைய பூச்சை வண்டி முழுவதும் தேய்த்தெடுத்து மறுபடி வார்னிஷ் பூச வேண்டியதாயிற்று. இரண்டு நாளில் கொடுத்திருக்க வேண்டியது மூன்று வாரமானது. துரை உப்புக் காற்றின் மேல் பழியைப் போட்டு டாக்டரைச் சமாளித்தார். லிம் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை; ஆனால் அது எனக்கு உள்ளே குத்திக்கொண்டே இருந்தது.

டாக்டர் சாயங்காலம் தவறாமல் வருவார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஆயிற்றா என்று கேட்பார். நாளைக்கு, மறுநாளைக்கு என்று இழுத்துப் பார்த்தேன். ஒரு நாள் தாங்காமல், தாமதத்துக்குக் காரணம் உப்புக் காற்றில்லை, நான்தான் என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்துவிட்டார். "நானும் என்ர மருந்தகத்துக்கு வாற சனத்துக்கு நாளைக்கு வா, நாளைக்கு வா எண்டுதான் சொல்லுறனான் தம்பி. அவையின்ர கோவம் இப்பதான் எனக்கு விளங்குது."

பூட்டிய அறை

கடைசிப் பூச்சு பூசியாயிற்று. பட்டறையின் பின்பக்கத்து அறையில் வண்டியை நிறுத்தி, ஜன்னல்களை அடைத்து, தூசி எழும்பாமல் தரையில் தண்ணீர் தெளித்தோம். நாலு நாள் யாரும் அந்த அறையைத் திறக்கக் கூடாது. அதற்குப் பிறகும் தினம் காலையில் பச்சைத் தண்ணீர் ஊற்றி ஊற்றி வார்னிஷை இறுக வைக்க வேண்டும். அதன் பிறகுதான் வெயில், தெரு எல்லாம். காவலுக்கு லிம் என்னை வைத்தார். அது எனக்குக் கொடுத்த தண்டனை என்றே இன்றுவரை நினைக்கிறேன்.

உட்கார முடியவில்லை. கதவுக்கு வெளியே முன்னும் பின்னும் நடந்தேன். உள்ளே ஏதாவது பூச்சி போயிருக்குமோ என்று சாவித் துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தேன். ஒரு தடவை கதவைத் திறந்தே விட்டேன். நிஜமாகவே ஒரு சின்ன அந்துப்பூச்சி, சேறு தெறிக்காமல் தடுக்கும் சக்கரக் காப்பில் ஒட்டிக்கொண்டு சிறகை அடித்துக்கொண்டிருந்தது. நான் எடுக்கப் போயிருந்தால் என் விரலும் ஒட்டியிருக்கும். ஓடிப்போய் லிம்மைக் கூட்டி வந்தேன். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே ஒரு ஊசி முனையால் அதைத் தூக்கி எடுத்தார். வெளியே வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "வார்னிஷ் காய்ஞ்சுக்கிட்டுதான் இருக்கு. நீதான் கொதிச்சுக்கிட்டு இருக்கே."

இரண்டாம் நாள் மத்தியானம்

துரையும் லிம்மும் அடுத்த பெட்டியை இறக்கத் துறைமுகத்துக்குப் போயிருந்தார்கள். நான் மட்டும் தனியாக இருந்தேன். ரிக்‌ஷா ஒன்று வாசலில் வந்து நின்றது. டாக்டரும், கூடவே வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவரும் இறங்கினார்கள். அவர் பெயர் மாரியப்பன். வெகுதூரம் தள்ளி சுவா சூ காங்கில் இருக்கும் ரப்பர்த் தோட்டத்து ஆள். பெண்டாட்டிக்கு நேற்றிலிருந்து பிரசவ வலி, பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று மருத்துவச்சி கைவிட்டுவிட்டாளாம். காலை ரயிலில் வந்திருக்கிறார். அடுத்த ரயில் சாயங்காலம்தான். டாக்டரின் குதிரையால் எழுந்திருக்கவே முடியவில்லை.

எஞ்சின் வேலையெல்லாம் முன்பே முடிந்திருந்தது, எண்ணெயும் நிரப்பியிருந்தது. டாக்டர் துரையிடம் ஓட்டவும் பழகியிருந்தார். ஆனால் வார்னிஷ் இன்னும் பிசுபிசுப்பாகத்தான் இருந்தது. சுவா சூ காங் போகும் சாலை முழுக்கச் செம்மண். வெளியே எடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். லிம்மின் முகமும் கண் முன்னால் வந்தது. ஒரு மணி நேரம் பொறுங்கள், அவர் வந்துவிடுவார் என்றேன். என்னைப் போலவே மாரியப்பனும் வாசலுக்கும் அறைக்கும் நடந்துகொண்டிருந்தார். அந்த நடையை என்னால் பார்க்க முடியவில்லை. டாக்டர் என் கையிலிருந்த சாவியைப் பார்த்துக்கொண்டே அமைதியாகச் சொன்னார்: "வார்னிஷைத் திரும்பவும் பூசலாம் தம்பி. கதவைத் திறவும்."

செம்மண்

திறந்தேன். நானே கைப்பிடியைச் சுற்றி எஞ்சினைக் கிளப்பிவிட்டேன். மறுநாள் காலையில்தான் வண்டி திரும்பியது. பச்சை எங்கே என்று தேட வேண்டியிருந்தது. முன்னிருந்து பின்வரை செங்கல் நிறம். தூசி மேலே படியவில்லை. வார்னிஷுக்குள்ளேயே புதைந்து இறுகியிருந்தது. நடுவே இலைத் துணுக்கு, கொசு, எதிரே வந்த மாட்டு வண்டியிலிருந்து தெறித்த சாணி. டாக்டரின் சட்டைக் கையெல்லாம் கறை. தாய் பிழைத்துவிட்டாள், பிள்ளைதான் தங்கவில்லை என்றார்.

துரை வந்து வண்டியைப் பார்த்தார். தன் வண்டியைத் தானே எடுத்துப் போனதாக டாக்டர் சொன்னார். துரை அதைக் காதில் வாங்காமல், அறையைத் திறந்தது யார் என்று மட்டும் கேட்டார். நான் என்றேன். உடனே வெளியே போகச் சொன்னார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். அதுவரை வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்த லிம் அப்போதுதான் நிமிர்ந்தார். அவர் கண் சிவந்திருந்தது. "இவனைத் துரத்துங்க துரை. ஆனா இந்த மண்ணு மொத்தத்தையும் இவன் கையாலேயே தேய்ச்சு எடுத்த பிறகு துரத்துங்க."

ஞாயிற்றுக்கிழமைகள்

தேய்க்க வண்டி கிடைத்தால்தானே? டாக்டர் அதைப் பட்டறையில் விட மறுத்து அன்றே ஓட்டிப் போய்விட்டார். ஓடுகிற வண்டி போதும், மினுங்குகிற வண்டி வேண்டாம் என்றார். தன் கையால் பூசிய வண்டி அந்தக் கோலத்தில் ஊரைச் சுற்றுவதை லிம்மால் பொறுக்க முடியவில்லை. கடைசியில் ஒரு ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமைதோறும் நாங்கள் இருவரும் சிராங்கூன் ரோட்டுக்குப் போய், நுரைக்கல் தூளும் தண்ணீரும் போட்டு ஒரு பலகையை மட்டும் தேய்த்துப் பூசுவது. அது காயும்வரை டாக்டர் மெதுவாக ஓட்டுவதாகச் சொன்னார். ஆனால் சொன்னபடி மெதுவாக ஓட்டவில்லை. ஒரு பலகையை மூன்று தடவைகூடச் செய்தோம். வண்டி மாதக்கணக்கில் பாதி பச்சை, பாதி சிவப்பாகத் திரிந்தது. தெருவில் பிள்ளைகள் பின்னால் ஓடினார்கள். என்னைத் துரத்தவேண்டியது துரைக்கு மறந்தே போனது.

கடைசிப் பலகையும் இறுகி, வண்டி முழுவதும் ஒரே பச்சையாக நின்ற ஞாயிறன்று மாரியப்பன் வந்தார். மனைவிக்கு மருந்து வாங்க வந்தவர். டாக்டர் உள்ளே நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாரியப்பன் வண்டியைச் சுற்றி வந்தார். பக்கத்துச் சாலையிலிருந்து பறந்து வந்த தூசி மேலே லேசாகப் படிந்திருந்தது. அவர் தோளிலிருந்த முரட்டுத் துண்டை எடுத்து, முன்பக்கத்திலிருந்து துடைக்கத் தொடங்கினார். புது வார்னிஷைத் தூசியோடு உலர்ந்த துணியால் துடைப்பதும் மணலைப் போட்டுத் தேய்ப்பதும் ஒன்றுதான். கீறல்கள் விழுவது எனக்குத் தெரிந்தது. நிறுத்தச் சொல்ல வாயெடுத்தேன். அவர் ஒரு மூலையையும் விடாமல், குனிந்து, சக்கரக் காப்பின் அடிவரை துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்கும்போது அவர் உதடு மட்டும் ஏதோ முணுமுணுத்தது.

லிம் என் முழங்கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து சுருட்டைப் பற்றவைத்தார். "அவர் துடைச்சு முடிக்கட்டும். நாம அடுத்த ஞாயித்துக்கிழமை வருவோம்."

முப்பது வருஷம் வண்டி தேய்த்த பிறகு எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: வர்ணத்தைப் புதிதாகவே வைத்திருக்க உறுதியான வழி ஒன்றுதான் உண்டு, வண்டியை யாருக்கும் விற்காமல் இருப்பது.