பாஸ்கரனின் மருந்து வரி

பாஸ்கரன் போய்விட்டார் என்ற செய்தி செவ்வாய்க்கிழமை காலை வந்தது. அவர் மனைவி விஜயா குரல் பதிவு அனுப்பியிருந்தார். "அண்ணே, கம்பெனியில வேலை பாத்துக்கிட்டு இருக்கும்போதே நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாங்களாம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. உங்க விளையாட்டு ஆளுங்களுக்குச் சொல்லிடுங்க." சொல்லிவிட்டேன். ஆனால் உங்கள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பது ஒன்று உண்டு. அதை மறைத்துக்கொண்டு அவருக்கு அஞ்சலி எழுதக் கை கூசுகிறது.

நம் குழுவுக்கு வெளியே இதை வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். விருத்தாசலத்தில் பீங்கான் இன்சுலேட்டர் செய்யும் ஒரு கம்பெனியில் பாஸ்கரன் சூளை சூப்பர்வைசர். நான் மங்கலம்பேட்டையில் பள்ளி ஆசிரியன், பார்வையில்லாதவன். எங்களைச் சேர்த்தது, படமே இல்லாமல் எழுத்தால் மட்டும் நடக்கும் ஒரு கணினி விளையாட்டு. திரையில் ஓடும் வரிகளை ஒரு மென்பொருள் எனக்கு வாசித்துச் சொல்லும். அதில் செத்த பாத்திரம் செத்ததுதான், திரும்ப வராது.

குழுவில் நான் வைத்தியன். யாராவது காயம்பட்டால் அவர் பெயர் ஒரு மாறியில், அதாவது கடைசியாக வந்த பெயரை மட்டும் வைத்திருக்கும் ஒரு பெட்டியில், பதியும். இரண்டு விநாடி கழித்து மருந்து தானாகப் போகும். தானாக ஓடும் அந்தக் கட்டளையை, டிரிக்கரை, நாங்கள் இருவரும் திறக்கக்கூடிய ஒரு கோப்பில் எழுதிக் கொடுத்தவர் எங்கள் குழுத் தலைவர் பாஸ்கரன். "பாய், அந்த ரெண்டு செகண்டுக்குள்ள வேற ஆளு அடி வாங்கினா மாறியில பேரு மாறிடும். மருந்து அவனுக்குப் போயிடும். அதனால காயம்பட்ட உடனே பேரை வரிக்குள்ளயே உக்கார வெச்சிடணும்" என்பார். அந்த வேலையைச் செய்வது மாறிக்கு முன்னால் நின்ற ஓர் ஆச்சரியக்குறி என்பது அப்போது எனக்குத் தெரியாது. நானும் கேட்டதில்லை.

இரண்டு வருடம் முன்பு, விளையாட்டில் கோட்டை முற்றுகை நடந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் உங்களுக்கு மறந்திருக்காது. முதல் அடி செல்விக்கு. அவர் ஆறு வருடம் வளர்த்த பாத்திரம். அடுத்த நொடியே பாஸ்கரனுக்கு ஒரு சின்னக் கீறல். மருந்து பாஸ்கரனுக்குப் போனது. செல்விக்கு மறுபடி அடி, பாஸ்கரனுக்கு மறுபடி கீறல், மருந்து மறுபடியும் பாஸ்கரனுக்கே. "எனக்கு வரலைங்க! எனக்கு அனுப்புங்க!" என்று செல்வி குழு அழைப்பில் கத்தினார். நான் கையால் அவர் பெயரைத் தட்டி முடிப்பதற்குள் 'செல்வி இறந்தாள்' என்று மென்பொருள் வாசித்துவிட்டது. அழைப்பில் அவர் அழும் சத்தம் கேட்டது.

"தன் உசுரு தப்பிக்கிற மாதிரி எழுதி வெச்சிருக்காருங்க" என்றார் ஒருவர். யாரும் மறுக்கவில்லை. பாஸ்கரன் கோப்பைத் திறந்து பார்த்தார். பிறகு "தப்பு என்னோடதுதாங்க" என்றார். அன்றே தலைமையை விட்டு விலகினார்.

அன்று காலை அந்தக் கோப்பைத் திறந்தது நான்தான். வரிக்கு வரி 'ஆச்சரியக்குறி, ஆச்சரியக்குறி' என்று மென்பொருள் காதில் கத்திக்கொண்டிருந்தது. கை தவறி விழுந்தவை என்று நினைத்து, எரிச்சலில் எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். பாஸ்கரன் கோப்பைத் திறந்தபோதுதான் நான் செய்தது எனக்கு உறைத்தது; ஆனாலும் பழியை அவர் மேலேயே விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் பாஸ்கரன் பஸ் ஏறி மங்கலம்பேட்டைக்கு வந்தார். டீக்கடையில் வைத்து ஒப்புக்கொண்டேன்.

"தெரியும் பாய். பாத்த உடனே தெரிஞ்சிடுச்சு."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"எனக்குக் கம்பெனியில பேச பத்து பேரு இருக்காங்க. உங்களுக்கு ஸ்கூலு வுட்டா இந்த விளையாட்டு ஆளுங்கதான? வுடுங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "கண்ணு தெரியாதவன்னு பரிதாபமா?" என்று கேட்டேன்.

"பயம் பாய். நீங்க போயிட்டா நான் யாருகிட்ட சண்டை போடுறது?"

யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறினார். அந்த வாக்கு எனக்கு வசதியாக இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

வாக்கை இன்று மீறுகிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, இரண்டு வருடம் அவர் எனக்காகச் சுமந்த கெட்ட பெயர்தான். இனி அது என்னிடம் இருக்கட்டும். செல்வி, உங்களைச் சாகவிட்டவன் நான்.