நேரில் போய்ச் சொல்ல வேண்டியவர்கள்

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் நீங்கள் ஒவ்வொருவரும் அப்பாவின் கணினியில் எத்தனையாவது படியில் இருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். சொன்னால் சிலர் கோபித்துக்கொள்வீர்கள், அதனால் சொல்லப் போவதில்லை. மூத்த மகள் என்ற முறையில் இந்தக் கட்டுரையை எழுதும் பொறுப்பை அம்மாவும் தம்பியும் என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். "நல்லதை மட்டும் எழுது" என்று அம்மா சொல்லியிருக்கிறார். அப்பாவின் பிடிவாதத்தையும் நல்லதில் சேர்த்துக்கொண்டு எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது கிழக்குத் தாம்பரத்தில், ஒரே சுவரில் ஆறு குடித்தனங்கள் இருந்த ஒரு வரிசை வீட்டில். தாத்தா காலமானபோது அப்பாவுக்கு வயது பதினேழு, சித்தப்பாவுக்கு ஒன்பது. கல்லூரியில் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு அப்பா கிண்டியில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் உதவியாளராகச் சேர்ந்தார். காலையில் மின்சார ரயில் ஏறுவதற்கு முன் தன் தம்பிக்குத் தலை வாரி, டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்துவிட்டுப் போவாராம். சித்தப்பா ஐ.டி.ஐ. முடித்து லேத் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தன் கல்யாணத்துக்கே சம்மதித்தார். தன் தாய்மாமன் மகளையே, அதாவது எங்கள் அம்மாவை மணந்தார். அஸ்தினாபுரத்தில் வாடகை வீடு, பிறகு ஊரப்பாக்கத்தில் சொந்த வீடு. முப்பத்தெட்டு வருடம் ஸ்டோர்ஸில் இருந்தார், ஒரு ஆணி காணாமல் போனதாகப் பேச்சு வந்ததில்லை.

அப்படிப்பட்டவர் தவறவிட்டது ஒன்றே ஒன்றுதான். அது நடந்தது என் கல்யாணத்தில்.

நம் குடும்ப வழக்கம் உங்களுக்குத் தெரியும். நெருங்கிய உறவுக்குக் கணவன் மனைவியாக நேரில் போய், தட்டில் பழம், பூ, பத்திரிகை வைத்துக் கொடுத்து அழைக்க வேண்டும். அடுத்த சுற்றுக்குத் தபாலும் போனும். இந்த வரிசையில் கை வைத்தால் பத்து வருடம் பேச்சு நின்றுவிடும். அப்பாவும் அம்மாவும் ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போனார்கள். குன்றத்தூரில் இருந்த சித்தப்பா வீட்டுக்கு மட்டும் போகவில்லை. அவருடைய மாமியார் பக்கத்துக்குக் கொடுக்கச் சொல்லி ஐம்பது பத்திரிகையைக் கட்டாகக் கட்டி, தெரிந்தவர் ஒருவர் மூலம் சித்தப்பாவுக்கு அனுப்பிவைத்தார் அப்பா. அந்தக் கட்டில் சித்தப்பா பெயர் எழுதிய பத்திரிகை ஒன்றுகூட இல்லை.

அப்பாவின் கணக்கு அவருக்குச் சரி. "கூடப் பொறந்தவனுக்கு எதுக்குப் பத்திரிகை? அழைக்கிறவங்க பேர்லயே அவன் பேர் இருக்கே. அவன் என்ன விருந்தாளியா?" சித்தப்பாவின் கணக்கும் அவருக்குச் சரி. தனிக் குடித்தனம் வந்த பிறகு தம்பியும் ஒரு வீடு. அந்த வீட்டு வாசலில் அண்ணன் வந்து நிற்க வேண்டும். ஆலயத்தில் மூன்று ஞாயிறு எங்கள் கல்யாண ஓலையை வாசித்து அறிவித்தார்கள். மூன்று ஞாயிறும் சித்தப்பா வெளியே எங்கும் போகாமல் வீட்டிலேயே காத்திருந்தாராம். அப்பா வரவில்லை. கல்யாணத்துக்குச் சித்தப்பா வரவில்லை. முன்வரிசையில் அவருக்காக விட்ட நாற்காலிகள் காலியாக இருந்ததை நான் மேடையிலிருந்து பார்த்தேன். இன்றும் அந்த ஆல்பத்தின் ஆறாம் பக்கத்தைத் திறக்கப் பிடிக்காது.

பதிமூன்று வருடம். தாம்பரம் ஸ்டேஷனில் எதிரெதிரே வந்தால் ஒருவர் கடிகாரத்தைப் பார்ப்பார், இன்னொருவர் அறிவிப்புப் பலகையைப் பார்ப்பார். இருவருக்கும் கோபம் மூக்குக்கு மேல், வீம்பு அதற்கும் மேல். நடுவில் பேசப் போன எல்லோரும் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தோம்.

எழுபது வயதில் அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். வெளியே சுற்றக் கூடாது என்று மருத்துவர் சொன்னதால், பொழுது போகட்டும் என்று என் பழைய மடிக்கணினியில் குடும்ப மரம் வரையும் மென்பொருள் ஒன்றை ஏற்றிக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் அலுத்துவிடும் என்று நினைத்தேன். அவரோ ஸ்டோர்ஸையே மறுபடி திறந்துவிட்டார். அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு அட்டை உண்டாம்: எங்கே இருக்கிறது, கடைசியாக யார் எடுத்தார்கள் என்று. இங்கே ஒவ்வொரு உறவுக்கும் ஒரு பக்கம்: எந்தத் தெரு, யார் வழி, கடைசியாக எப்போது பார்த்தது. காலை பத்து மணிக்குப் போனை எடுத்தால் மதியச் சாப்பாடு வரை விசாரணைதான். நானூற்றுப் பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள்.

அந்த மென்பொருளோடு அவர் போட்ட சண்டையைத் தனி மலராகவே வெளியிடலாம். அம்மாவை மனைவி என்று சேர்த்ததும், இந்த இருவரும் ஏற்கெனவே இரத்த உறவு, சரிபார்க்கவும் என்று எச்சரிக்கை வந்தது. "தெரியும்டா, தெரிஞ்சுதான் கட்டினேன்" என்று திரையைப் பார்த்துச் சொன்னார். அம்மா அடுப்படியிலிருந்து, "இப்பவாவது யாராவது கேட்டாங்களே" என்றார். இன்னொரு நாள், உறவு நெருக்கத்தின்படி வரிசைப்படுத்தும் வசதியைக் காட்டினேன். மேலே எத்தனை தலைமுறை ஏறி, கீழே எத்தனை இறங்கினால் ஒருவரிடம் போய்ச் சேர்கிறோம் என்று அது படிகளை எண்ணும். மகன், மகள் ஒரு படி. கூடப் பிறந்தவர் இரண்டு. அப்படி எண்ணியதில் அம்மாவின் அண்ணன், எங்கள் தாய்மாமா, நாலாம் படியில் போய் விழுந்தார். அப்பாவுக்கு வந்ததே கோபம். "தாய்மாமன் இல்லாம பையன் எப்படி மேடை ஏறுவான்? நாலாம் படியாம். அமெரிக்காக்காரனுக்கு மச்சான் இருந்தா இல்ல தெரியும்." கடைசியில் அவரே பட்டியலின் ஓரத்தில் ஒரு பத்தி சேர்த்து, அதற்கு 'அழைக்கும் முறை' என்று தலைப்புக் கொடுத்தார். நேரில், போனில், வாட்ஸ்அப்பில் என்று மூன்றே பதில். மாமாவுக்கு எதிரே 'நேரில்' என்று போட்ட பிறகுதான் சாப்பிட வந்தார்.

அந்தச் சமயத்தில் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. பட்டியலை அச்செடுத்துக் கொடுத்தேன். வீட்டில் இருக்கும் எங்களைத் தள்ளிவிட்டால் முதல் பெயர், இரண்டாம் படி, சித்தப்பா. அப்பா அந்தத் தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பேனாவை எடுத்தார். 'நேரில்' என்று எழுதி அடிக்கோடு போட்டார். "ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் வண்டி எடு" என்று மட்டும் சொன்னார்.

குன்றத்தூருக்குக் காரில் கிளம்பினோம். அம்மா மடியில் தட்டு. அப்பா கையில் அந்தப் பட்டியல் இருந்த ஃபைல். கேட்டைத் திறந்தது சித்தப்பாதான். அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாண்ணே, கட்டு கட்டி அனுப்ப ஆள் கெடைக்கலியா?"

அப்பா வாசலில் நின்றபடியே தட்டை இரண்டு கையாலும் நீட்டினார். "பையனுக்குக் கல்யாணம். நீயும் அவளும் உங்க பொண்ணோட வந்து, முன்னாடி நின்னு நடத்திக் குடுக்கணும்."

சித்தப்பா தட்டை வாங்கவில்லை. ஃபைலைக் காட்டி, "அது இன்னா?" என்றார். அப்பா வாய் திறப்பதற்குள் நான் முந்திரிக்கொட்டையாய்ச் சொல்லிவிட்டேன். "உறவு நெருக்கத்தை வெச்சு கம்ப்யூட்டர் போட்ட வரிசை, சித்தப்பா. அதுல நீங்கதான் முதல்."

"ஓகோ. மெஷின் சொல்லித்தான் என்னைத் தெரிஞ்சுதா?"

எனக்குத் தரையில் புதைந்துவிடலாம் போல் இருந்தது. இத்தனை வருடத்தில் தன் தவறு என்று அப்பா ஒருநாளும் ஒப்புக்கொண்டு நான் கேட்டதில்லை. அன்று கேட்டேன். "மெஷினுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாமப் போச்சு. நம்மாளுதானேன்னு விட்டுட்டேன். தப்பு என்னுதுதான்டா."

நீட்டிய கையை அப்பா மடக்கவில்லை. தட்டு சாய்வதைப் பார்த்துச் சித்தப்பா பிடித்துக்கொண்டார். பிடித்தவர் அப்புறம் விடவில்லை. சித்தி உள்ளேயிருந்து ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

காபி குடித்து முடிப்பதற்குள் சித்தப்பா பட்டியலில் மூன்று பிழை கண்டுபிடித்துவிட்டார். எது பிழை, எது இல்லை என்று அண்ணனும் தம்பியும் குரலை உயர்த்தியதைக் கேட்டுப் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். கிளம்பும்போது சித்தப்பா என்னிடம் சொன்னார்: "இது உங்கப்பனை நடுவுல வெச்சுப் போட்ட லிஸ்ட். என்னை நடுவுல வெச்சுப் போடு. அவரு எங்க வர்றாருன்னு பாக்கறேன்." வீட்டுக்கு வந்ததும் அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் கணினியைத் திறக்கச் சொன்னார். நடு ஆளை மாற்றினேன். சித்தப்பாவின் மகளைத் தாண்டினால் முதல் பெயர், இரண்டாம் படி, அப்பா. அந்தத் தாளைப் போட்டோ எடுத்து அனுப்பட்டுமா என்று கேட்டேன். முறைத்தார். மறுநாள் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

தம்பியின் கல்யாணத்துக்கு வந்தவர்கள் சொல்லுங்கள், அன்று ஆலயத்தில் நிற்க இடம் இருந்ததா? நேரில் அழைத்த அறுபத்து மூன்று வீட்டில் ஒரு வீடுகூடத் தவறவில்லை. ஒருவர்கூடக் கோபித்துக்கொள்ளவில்லை. நம் குடும்ப வரலாற்றில் இது சாதனை என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றவர் சித்தப்பா. புது வேட்டியில், மாப்பிள்ளையைவிட மிடுக்காக. அப்பா என்னைக் கூப்பிட்டு, "முன்வரிசையைப் பாரு" என்றார். நிறைந்திருந்தது.

அதன் பிறகு அப்பாவுக்குக் கிடைத்த இரண்டு வருடமும் போனஸ் என்பார். சனிக்கிழமைதோறும் சித்தப்பா ஊரப்பாக்கம் வந்துவிடுவார். இருவரும் கணினியில் அந்தக் குடும்ப மரத்தின் முன் உட்கார்ந்து சண்டை போடுவார்கள். கடைசி மாதத்தில் சித்தப்பா எங்களோடேயே தங்கிவிட்டார். அண்ணனுக்கு முகம் துடைத்து, தலை வாரிவிட்டது அவர்தான். ஒரு நாள் மதியம், கஞ்சி குடித்துவிட்டுச் சாய்ந்த அப்பா, சித்தப்பாவின் கையைப் பிடித்தபடியே கர்த்தரிடம் போய்ச் சேர்ந்தார்.

யாருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்று பார்க்கக் கணினியைத் திறந்தேன். அப்பா எங்களுக்கு வேலையே வைக்கவில்லை. 'எனக்குப் பிறகு' என்று ஒரு பட்டியல் தயாராக இருந்தது. முதல் பெயர் சித்தப்பா. முறை: நேரில். பக்கத்தில் குறிப்பு: 'கூடவே இருக்கிறவன்தானே என்று விட்டுவிடாதே.'

எழுந்து கட்டிலருகே போனேன். அண்ணன் கையை விடாமல் உட்கார்ந்திருந்தவர் முன்னால் நின்று, "சித்தப்பா, அப்பா போயிட்டார்" என்று முறையாகச் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். புரிந்துகொண்டார். எழுந்து நின்று, "சரிம்மா, சொல்லிட்ட. மத்தவங்களுக்கு நான் சொல்றேன்" என்று பட்டியலை வாங்கிக்கொண்டார்.

அன்று செய்தி கேட்டு ஓடிவந்த உங்கள் எல்லோருக்கும், அப்பாவைக் கடைசி வரை கவனித்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியருக்கும், ஜெபித்த ஆயருக்கும் சபையாருக்கும், மூன்று நாள் எங்கள் வீட்டில் அடுப்பு மூட்ட விடாமல் சோறு போட்ட தெருக்காரர்களுக்கும் அம்மாவின் சார்பிலும் எங்கள் சார்பிலும் நன்றி சொல்கிறேன். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் கூப்பிட்டுத் திட்டுங்கள், மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

இந்த மலர் கட்டு அச்சகத்திலிருந்து நேரே குன்றத்தூருக்குத்தான் போகிறது. பிழை பார்த்ததும் அச்சுக்குக் கொடுத்ததும் சித்தப்பாதான். கட்டு வந்து இறங்கியதும் அம்மாவும் தம்பியும் நானும் அங்கே போவோம். கட்டைப் பிரித்து முதல் பிரதியில் அவர் பெயரை எழுதி, கேட்டுக்கு வெளியே வந்து, மணியடித்து, தட்டில் வைத்து அவர் கையில் கொடுப்போம். அதற்குப் பிறகுதான் மற்ற பிரதிகள் வெளியே போகும். இதை நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், முதல் பிரதி போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.