பெற்றதை விழுங்கிய முதலை

அம்பகரத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர் ஆற்று மடுவில் ஒரு முதலை இருந்தது. ஏதோ ஒரு வெள்ளத்தில் கொள்ளிடத்திலிருந்து வந்து தங்கிவிட்டது என்பார்கள். வாத்தையும் நாயையும் தவிர அது யாரையும் தொட்டதில்லை. ஆனாலும் அதைக் கொன்றாக வேண்டும் என்று மாமா ஒற்றைக்காலில் நின்றார். போன வாத்துகள் பெரும்பாலும் அவருடையவை. பெரியப்பாதான் தடுத்துக்கொண்டிருந்தார். "விடுங்க மச்சான், அது பாட்டுக்குக் கெடக்கு" என்பார். ஊரில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

எனக்கு அப்போது எட்டு வயது. வைகாசி மாதம், ஆற்றுக்கு இன்னும் தண்ணீர் திறக்கவில்லை. ஊற்றுத் தண்ணீர் எடுக்கக் குடத்தோடு போயிருந்தேன். எதிர்க்கரை மணலை முதலை கிளறிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து ஓணான் அளவில் ஒரு குட்டி வந்தது. அதைக் கவ்வியது. பிறகு இன்னொன்று. பொரியாத முட்டையைக்கூட விடவில்லை, வாய்க்குள் போட்டு உருட்டியது. வாய் நிறைந்ததும் மடுவில் இறங்கிவிட்டது.

குடத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். கவ்வியது என்று சொல்லியிருக்கலாம். நான் பார்த்தது அவ்வளவுதான். சொன்னது வேறு.

"பெரியப்பா, அது பெத்த குட்டியவே முழுங்குது."

அவர் மாமா பக்கம் திரும்பினார். "பெத்ததயே திங்கிறது நாளைக்கு யார விடும்? மண்டபத்தூருக்கு ஆள் அனுப்புங்க மச்சான்" என்றார்.

மதியமே அந்த மீனவக் குப்பத்திலிருந்து வலையோடு ஆட்கள் வந்தார்கள். பொழுது சாய்வதற்குள் கடப்பாறையால் முடித்துவிட்டார்கள். மாமா வயிற்றைக் கிழிக்கச் சொன்னார். முதலை கல் விழுங்குமாம்; கல்லே கிடைக்காத எங்கள் மண்ணில் அது செங்கல் துண்டுகளை விழுங்கி வைத்திருந்தது. குட்டி ஒன்றுகூட இல்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அதற்குள் செரித்திருக்கும் என்றேன். நியாயம்தான் என்றார் மாமா. அன்று வீட்டில் எனக்குத் தனி மரியாதை.

தாய் முதலை குட்டிகளை வாயில் வைத்துத்தான் தண்ணீருக்குக் கொண்டுபோகும், அதன்பின் பல மாதம் அவை தாயை ஒட்டியே இருக்கும், காணாவிட்டால் கத்திக் கூப்பிடும் என்று கல்லூரி விலங்கியல் வகுப்பில் ஆசிரியை சொன்னார். நான் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டேன். வெட்கமாக இருந்தது.

முதலையைக் கொன்ற மறுநாள் மடுவோரக் கோரைக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. தவளை கத்துகிறது, மழை வரும் என்றார்கள் துணி துவைத்த பெண்கள். எனக்கும் தவளையாகத்தான் கேட்டது. மூன்று நாள் விடாமல் கத்தின. நான்காம் நாள் சத்தமே இல்லை. இனி மழை வராது என்று நினைத்துக்கொண்டேன்.