மூன்று பங்கு கோழி எரு

பிப்ரவரி 12, புதன்கிழமை. காலை 5.30க்கு எழுந்தேன். 5.50க்குக் காபி. 6.10க்குக் கோழிக்கூண்டைத் திறந்துவிட்டேன். கோழிகள் ஆறு, முட்டை நான்கு. 6.25க்குக் கூண்டுக்கு அடியில் கிடந்த எச்சத்தைச் சுரண்டி, சருகு, காய்கறித் தோல், டீத்தூளோடு நீல டிரம்மில் போட்டுக் கிளறினேன். 6.40க்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

கண்ணீருக்கு என் அட்டவணையில் நேரம் ஒதுக்கவில்லை. ஆனாலும் தினமும் வந்தது.

கோவில்பத்தில் எங்கள் கொல்லை பன்னிரண்டடிக்குப் பதினைந்தடி. கோழி வளர்த்துவிடலாம். அது போடுவதை என்ன செய்வது? உரமாக்குங்கள் என்றார் செல்போன் வீடியோவில் ஒருவர். உடனே நோட்டுப் போட்டேன். தேதி, நேரம், எது எத்தனை டப்பா, எத்தனை முறை கிளறினேன்... ஆறு வாரம், ஒரு நாள் விடவில்லை.

உரம்தான் வரவில்லை. நாற்றம் வந்தது.

"உங்க நோட்டுல எல்லாம் சரியாத்தான் இருக்கு. என் மூக்குலதான் ஏதோ கோளாறு" என்றாள் மனைவி சரசு. நான் கண்டுகொள்ளவில்லை. ஒழுங்காகச் செய்கிற காரியம் எப்படித் தப்பாகும்?

எட்டு மணிக்கு மதிலுக்கு மேல் ஒரு தலை எழுந்தது. பக்கத்து வீட்டு பிலோமினா. மூக்கில் முந்தானை.

"அண்ணே, ஞாயித்துக்கெழம ஸ்டெல்லாவுக்கு நிச்சயதார்த்தம்."

"தெரியும்மா. ரொம்ப சந்தோஷம்."

"என்ன சந்தோஷம்? இந்த மதிலை ஒட்டித்தான் பந்தி போடுறோம். மாப்புள வீட்டுக்காரங்க பிரியாணிய வச்சிக்கிட்டு ஒங்க கோழி பின்னாடியவா மோந்து பாக்கணும்? ஏற்கெனவே ரெண்டு எடம் தட்டிப்போச்சுண்ணே. இதுவும் போச்சுன்னா பெத்த புள்ள மொகத்துல நான் முழிக்க முடியாது."

கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மூடவில்லை.

"நான் முறைப்படிதாம்மா செய்யிறேன். வேணும்னா பாருங்க" என்று நோட்டைக் கொண்டுவந்து நீட்டினேன்.

பிலோமினா வாங்கிப் புரட்டினார். சத்தமாகப் படித்தார். "கோழி எரு மூணு டப்பா... சருகு ஒரு டப்பா..." நிறுத்தினார். முந்தானை மூக்கிலிருந்து நழுவியது.

"சரசக்கா, இங்க வாங்க! ஒங்க வூட்டுக்காரரு தலகீழா எழுதி வச்சிருக்காரு! நெடுங்காட்டுல எங்க அண்ணன் கோழிப் பண்ண வச்சிருக்காரு, எனக்குத் தெரியாதா? சருகுதாண்ணே மூணு. எரு ஒண்ணு!"

வீடியோவைப் பார்த்து நான் குறித்தது '3:1'. எது மூன்று, எது ஒன்று என்று குறிக்கவில்லை. கோழி நம்முடையது, பெரிய எண் அதற்குத்தானே என்று நானாக நினைத்துக்கொண்டேன். பிறகு ஆறு வாரம் அந்தத் தப்பை நேரம் தவறாமல், அடிக்கோடு போட்டுச் செய்திருக்கிறேன்.

சோம்பேறி செய்கிற தப்பு இரண்டு நாளில் தானாக நின்றுபோகும். ஒழுங்கானவன் செய்கிற தப்புக்கு லீவே கிடையாது.

சரசு வந்து நோட்டை எட்டிப் பார்த்தாள். சிரிப்பை அடக்கக் கோழிக்கூண்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"காஞ்ச சருகக் கொட்டி, அடி வரைக்கும் கிளறி விடுங்கண்ணே. ரெண்டு நாள்ல நாத்தம் அடங்கிரும்" என்றார் பிலோமினா.

"அவ்வளவு சருகுக்கு எங்கம்மா போறது?"

"எங்க வாசல்ல பாதாம் மரம் எதுக்கு நிக்கிது? எல கொட்டிக் கெடக்கு. வாயத் தொறந்து கேட்டாத்தானே?"

மறுநாள், வியாழன், காலை ஆறு மணி. பல்கூட விளக்கவில்லை. முதல் வேலையாக ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு பிலோமினா வீட்டு வாசலில் போய் நின்றேன். பதினாறு வருடத்தில் அந்த வீட்டில் நான் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் — குப்பை.