குடும்பத்தைப் பற்றிக் கேட்டார்கள்

பெங்களூரில் நான் ஏறாத ஆபீஸ் படி கிடையாது. கம்ப்யூட்டர் கம்பெனிகள் ஆள் எடுப்பதை நிறுத்தி, எடுத்த ஆட்களையும் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த இரண்டாயிரத்து ஒன்றில், சர்டிபிகேட் ஃபைலைத் தூக்கிக்கொண்டு திருப்பத்தூரிலிருந்து வந்து இறங்கினேன். நேரம் பார்த்துக் காரியம் செய்வதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

தொம்மலூரில், பழைய ஊருக்குள் ஒரு மாடி அறையில் நான்கு பேர் இருந்தோம். நால்வரும் தமிழ்நாட்டுச் சின்ன ஊர்க்காரர்கள், நால்வரும் என்ஜினீயரிங், நால்வருக்கும் ஒரே மாதிரி இங்கிலீஷ். எழுதினால் வரும், வாயைத் திறந்தால் வராது. அதனால் அறையில் ஒரு சட்டம் போட்டிருந்தோம். இன்டர்வியூவுக்குப் போய்விட்டு வருகிறவன் ஷூவைக் கழற்றுவதற்கு முன்னால் ஒரு நீள நோட்டில் எழுத வேண்டும். என்ன கேட்டார்கள், இவன் என்ன சொன்னான், கேட்டவர் முகம் எப்படிப் போனது, எல்லாம். சோறு அதற்குப் பிறகுதான். மற்ற மூவரும் அதை மனப்பாடம் செய்வோம். பள்ளிக்கூடத்திலிருந்து நாங்கள் கொண்டுவந்த ஒரே வித்தை அதுதான். புரிகிறதோ இல்லையோ, ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்துவிடுவோம்.

எங்களில் முதலில் வேலை கிடைத்தது ஒரு தர்மபுரிக்காரனுக்கு. கடைசிச் சுற்றில் அவனிடம் குடும்பத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அவன் பத்தாவது படிக்கும்போது அப்பா இறந்துபோனார், அம்மா தையல் மிஷினை மிதித்துப் படிக்க வைத்தார். உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறான். கேட்டவர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாராம். ஒரே வாரத்தில் கடிதம் வந்துவிட்டது. சட்டப்படி அதையும் நோட்டில் எழுதியிருந்தான். எழுத்தில் மட்டும் அவன் இங்கிலீஷ் எங்களைவிட ஒரு படி மேல் என்பதால் அந்தப் பக்கத்தை நாங்கள் அதிகமாகவே படித்தோம்.

"டேய், அப்பா இருக்கறவனுக்கெல்லாம் இந்த ஊர்ல வேலை கிடையாது போல" என்றான் இன்னொருவன். தர்மபுரிக்காரனும் சிரித்தான். அவனே சிரித்ததால் நாங்களும் சிரித்தோம். இன்றைக்கு நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

என் அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டர். பாஸ் இருந்ததால் மாதம் ஒருமுறை, ஓய்வு நாளில், பெங்களூருக்கு வந்துவிடுவார். எனக்கு ஒன்பதாவது இன்டர்வியூ வந்தபோதும் முந்தின நாளே வந்து இறங்கினார். என் ஷூவுக்கு அவரே பாலிஷ் போட்டார். சட்டையைக் கொண்டுபோய் இஸ்திரி வண்டிக்காரரிடம் கொடுத்து, பக்கத்திலேயே நின்று, காலரை இரண்டாவது தடவை தேய்க்கச் சொல்லி வாங்கி வந்தார். காலையில் பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே நடந்தார்.

"டிக்கெட் கேக்கற மாதிரி நேரா மூஞ்சியப் பாத்துப் பேசுடா. தலைய மட்டும் குனிஞ்சிடாத. ஒருத்தன் குனிஞ்சான்னா கையில ஒண்ணும் இல்லன்னு கண்டுபுடிச்சிடுவாங்க. நான் டெய்லி பாக்கறேன்ல."

எட்டு இடத்தில் நான் தலையைக் குனிந்தது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குப் புரியவில்லை.

முதல் இரண்டு சுற்றிலும் எப்படியோ தப்பித்துவிட்டேன். மூன்றாவது சுற்றில் ஒரு கண்ணாடி அறை. எதிரே காட்டன் புடவை கட்டிய ஒரு மேடம், ஐம்பது வயது இருக்கும். ஃபைலைப் புரட்டிவிட்டு, குடும்பத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்று இங்கிலீஷில் கேட்டார். என் குடும்பத்தைப் பற்றி இங்கிலீஷில் சொல்ல என்னிடம் ஒரு வாக்கியம்கூட இல்லை. நான் எழுதிப் பழகவே இல்லை. வாயைத் திறந்தேன். நோட்டு வந்தது. நான் பத்தாவது படிக்கும்போது என் தகப்பனார் காலமானார், அதன் பிறகு என் தாயார் தனியாக நின்று என்னை வளர்த்தார், அவருடைய உழைப்புதான் எனக்குப் பாடம். கடகடவென்று ஓடியது. கண்டக்டர் சொன்னபடி நேராக முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு தமிழில் கேட்டார். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"அம்மா ஒண்டியாவே வளர்த்தாங்களாப்பா?"

இந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். மன்னிக்கணும் மேடம், பதற்றத்தில் வேறு ஒருவன் எழுதியதை ஒப்பித்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். இங்கிலீஷில் சொன்ன பொய் தர்மபுரிக்காரனுடையது, மனப்பாடம் செய்தது. ஆனால் தமிழில் சொன்னதற்கு நோட்டைக் குற்றம் சொல்ல முடியாது.

"ஆமா மேடம்" என்றேன்.

அந்த நேரத்தில் என் அப்பா தொம்மலூர் அறையில் எங்கள் நால்வருக்கும் ரசம் வைத்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து, ஷூவோடு உட்கார்ந்து நோட்டில் எழுதினேன். மூன்றாவது சுற்றுக்கு மட்டும் 'பொதுவான கேள்விகள்' என்று எழுதி மூடினேன். அப்பா தட்டை எடுத்து வைத்தார்.

"இன்னாடா கேட்டாங்க?"

"குடும்பத்தப் பத்தி கேட்டாங்க."

"என்னயப் பத்தி சொன்னியா?"

"சொன்னேம்பா."

"கண்டக்டர்னு சொன்னியா? அதுக்கு இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலப்பா. கேட்டுக்கிட்டாங்க."

அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. கேட்டுக்கொண்டார்களே என்று இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினார்.

வேலை கிடைத்தது. செய்தி தெரிந்த அன்று அப்பா காலை டிரிப்பில் டிக்கெட்டோடு ஆளுக்கொரு மிட்டாயும் கொடுத்தாராம். என்ன விசேஷம் என்று கேட்காதவர்களிடமும் சொன்னாராம். நான் சேர்ந்த அன்று ஒரு ஃபாரம் நீட்டினார்கள். தகப்பனார் பெயர் என்ற இடத்தில் எழுதிவிட்டு, பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்பதற்கான இங்கிலீஷ் வார்த்தையைச் சேர்த்தேன். நான்கே எழுத்து. கை நடுங்கியது என்று எழுதினால் நன்றாக இருக்கும். நடுங்கவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் கை உறுதியாகத்தான் இருந்தது. தர்மபுரிக்காரனிடம் மட்டும் ஒருநாள் சொன்னேன். அவன் திட்டவில்லை. "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணமே பண்றாங்க, விடுடா" என்றான். அதன் பிறகு என்னோடு பேசுவதை அவனாகவே குறைத்துக்கொண்டான்.

பிறகுதான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை ஆரம்பித்தது. பூசணிக்காயோ மாதாமாதம் பஸ் ஏறி வந்துகொண்டிருந்தது. அவருக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது, என் ஆபீசைப் பார்க்க வேண்டும். வெளியாட்களை உள்ளே விடமாட்டார்கள் என்றேன். மீட்டிங் இருக்கிறது என்றேன். அவர் வரும் நாளில் எனக்கு வெளிவேலை என்றேன். ஒவ்வொரு தடவையும் "சரி, சரி, உன் வேலையப் பாரு" என்று சிவாஜிநகர் வரை தனியாகப் போய், கடைகளை வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்புவார். வேலைக்குச் சேரும்போது பொய் சொன்னவர்களை விசாரித்து அனுப்பிவிடுகிறார்கள் என்ற பேச்சு அப்போது எல்லா ஆபீசிலும் இருந்தது. நான் அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் கூனிக்குறுகிப் போனேன். அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்றால், எந்த வாயால் சொல்வது?

எட்டு மாதம் கழித்து, "கேட்டுக்கு வெளியிலருந்தாவது காட்டுடா. பஸ்ஸுல எல்லாரும் கேக்கறாங்க, கட்டடம் எத்தன மாடின்னுகூட எனக்குத் தெரியல" என்றார். அதற்கு மேல் மறுக்க எனக்குப் பொய் தீர்ந்துவிட்டது. சனிக்கிழமை ஆபீஸ் விடுமுறை. அன்றைக்கு அழைத்துப் போனேன்.

இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். அண்ணாந்து பார்த்து மாடிகளை எண்ணினார். எது உன் ஜன்னல் என்றார். ஏதோ ஒன்றைக் காட்டினேன். "இல்லி நில்லபாரது" என்று செக்யூரிட்டி விரட்ட வந்தபோது அப்பா சிரித்துக்கொண்டே, "என் பையன் ஆபீசுப்பா" என்றார். அவருக்குக் கன்னடம் வராது, செக்யூரிட்டிக்குத் தமிழ் வராது. பிழைத்தேன் என்று நினைத்த நேரத்தில் ஒரு கார் கேட்டுக்குள்ளிருந்து வந்து எங்கள் பக்கத்தில் நின்றது. கண்ணாடி இறங்கியது. மேடம்.

"சனிக்கிழமை இங்க என்னப்பா? ஊர்லேந்து யாரோ வந்திருக்காங்களா?"

அப்பா கையைக் குவித்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. வாயைத் திறக்கப் போகிறார். எனக்கு யோசிக்க நேரமில்லை.

"மாமா, மேடம். அம்மாவோட அண்ணன்."

குவித்த கை அப்படியே இருந்தது. சிரிப்பும் அப்படியே இருந்தது, கண் மட்டும் என் பக்கம் ஒருமுறை திரும்பியது.

"அதான் முகம் அப்படியே இருக்கு" என்றார் மேடம். நல்ல மனுஷி. அதோடு விட்டிருக்கலாம். "அப்பா இல்லாத பிள்ளைன்னு யாரும் சொல்ல முடியாதுங்க, அவ்ளோ நல்ல பையன். நல்லா வளர்த்திருக்கீங்க."

முப்பது வருஷம் கூட்டத்துக்கு நடுவில் நின்றே காலம் தள்ளியவர் அப்பா. எந்தக் குலுக்கலிலும் விழாமல் நிற்கத் தெரிந்தவர். ஒரு மூச்சு இழுத்து விட்டார்.

"எல்லாம் என் தங்கச்சி வளர்த்ததும்மா. நான் சும்மா அப்பப்ப வந்து பாத்துட்டுப் போறவன்" என்றார்.

கார் போய்விட்டது. நாங்கள் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். திட்டுவார் என்று காத்திருந்தேன். அடித்தால்கூட நன்றாக இருந்திருக்கும். ரோட்டில் எல்லோர் முன்னாலும் அவர் காலைப் பிடிக்க நினைத்தேன், அதற்கும் தைரியம் வரவில்லை. அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, வருகிற பஸ்களின் நம்பரைப் படித்துக்கொண்டிருந்தார்.

"நான் எப்படா செத்தேன்?" என்றார்.

நான் தலையைக் குனிந்தேன்.

"கோவமா கேக்கலடா. நாளைக்கு யாராச்சும் கேட்டா, நீ ஒண்ணு சொல்லி நான் ஒண்ணு சொல்லக்கூடாதில்ல?"

"பத்தாவது படிக்கும்போது" என்றேன்.

"பரிட்சைக்கு முன்னயா, பின்னயா?"

அதை நான் யோசித்ததே இல்லை. "முன்னாடி" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் மனசுக்குள் கணக்குப் பார்த்தார். பிறகு, நிஜமாகவே வருத்தப்பட்டு, தலையை ஆட்டிக்கொண்டார்.

"அப்படீன்னா உங்கம்மா ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பாடா" என்றார்.